நாமா குரு

கிள்ளான்
20.2.2025

என் அருமை மருமகள் ஹேமாவுக்கு,

சபா காட்டில் கொசுக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேரக் கணக்குப் பாடம் நடத்தும் உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே உன் தங்கமணி அத்தை சுகம். என் மஞ்சள் ஸ்கூல் வேன் சுகம். என் இடது முட்டி மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. "குரல் செய்தி அனுப்பாதீங்க மாமா, ஒவ்வொன்னும் பதினொரு நிமிசம், இந்த மலையில அது இறங்கி முடிய ரெண்டு நாள் ஆகுது" என்று நீ தடை போட்டதால், வேறு வழியில்லாமல் பேனாவைத் தூக்கியிருக்கிறேன்.

நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். உன் மாமனுக்கு விருது!

நேற்றுப் பகல் தபால் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் செம்பருத்தி அறவாரியம். தங்க எழுத்து. "மீத்திறன் மாணவரை வளர்த்தெடுத்த சிறந்த ஆசிரியர்: திரு. குருநாதன் ரெங்கசாமி." அதைப் படித்த அந்தக் கணத்தில் கிள்ளான் ஆறு நின்று திரும்பிப் பார்த்தது. அத்தை போட்ட கூச்சலில் துறைமுகத்தில் மூன்று கப்பல்கள் கிளம்பும் நேரம் வந்துவிட்டதென்று நங்கூரத்தைத் தூக்கிவிட்டன.

கூச்சல் அடங்கியதும் அவள் கேட்ட கேள்வி: "மீத்திறனா? வேன்ல மீன் ஏத்துறீங்களா?"

"மண்டு! மீத்திறன்னா அதிகப்படியான அறிவு. கேரி தீவுல இருந்து வர்றாளே மாதவி, அஞ்சாம் ஆண்டு, அந்த மாதிரி பிள்ளைங்க."

"அவ அறிவுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

இந்த இடத்தில் நான் கம்பீரமாக எழுந்து துணிக்கடைக்குக் கிளம்பினேன்.

மே 18, ஞாயிறு, விழா. கோட்டுக்குத் துணி எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தீபகற்பமே திரும்பிப் பார்க்கும் உன் தாய்மாமன்,
குருநாதன்


சபா
3.3.2025

அன்புள்ள மாமா,

நான் நலம். போன வாரம் மழையில் பாலம் போய்விட்டதால் உங்கள் கடிதம் படகில் வந்தது. அத்தையின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

வாழ்த்து. ஆனால் மாமா, நீங்கள் வேன் ஓட்டுகிறீர்கள். பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறீர்கள். உங்களுக்கு ஆசிரியர் விருது எப்படி வந்தது? கேரி தீவுப் பாலத்துக்கடியில் ஒரு முதலை இருக்கிறது, தலை கிள்ளானில், வால் பந்திங்கில் என்று எனக்குச் சொன்னீர்கள். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் வரைக்கும் நம்பினேன். ஆகவே இந்த முறை விசாரித்துவிட்டு நம்புகிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
ஹேமா


கிள்ளான்
12.3.2025

சந்தேகமே உருவான மருமகளுக்கு,

அத்தைக்குச் சர்க்கரை ஏழு புள்ளி இரண்டு. எனக்குச் சர்க்கரையும் இல்லை, மரியாதையும் இல்லை. நீ நலமாக இரு.

விசாரித்தேன். நான் விசாரித்த விதத்தைப் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கே இன்ஸ்பெக்டர் வேலை கொடுத்திருப்பார்கள். காலை ஐந்தே முக்காலுக்கு, கேரி தீவில், மாதவியின் அம்மா வீரம்மாவை வேன் கதவருகே மடக்கினேன்.

"ஏம்மா, என் பேரை எங்கயாச்சும் எழுதிக் குடுத்தியா?"

"ஆமாண்ணே. போன வருசம் ஸ்கூல்ல ஒரு பாரம் குடுத்தாங்க. பிள்ளை பேரு, ஐ.சி. நம்பரு எல்லாம் எழுதிட்டே வந்தேன். கடைசியில 'நாமா குரு'ன்னு இருந்துச்சு. வேன் கதவுல உங்க முழுப் பேரு இருக்குல்ல, அதைப் பார்த்து எழுதிட்டேன்லா. ஏண்ணே, எழுத்துத் தப்பா?"

எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. மலாயில் 'நாமா குரு' என்றால் ஆசிரியர் பெயர். ஆனால் வீரம்மாவுக்கு ஆசிரியர் என்றால் பிள்ளைகள் கூப்பிடுகிற 'சிக்கு'. குரு என்றால் நான். குருவின் பெயரைக் கேட்டார்கள், குருவின் பெயரைக் கொடுத்துவிட்டாள்!

பாரத்தோடு மாதவி எழுதிய 'என் ஆசிரியர்' கட்டுரையும் போயிருக்கிறது. அறவாரியத்தின் செயலாளர் நாகப்பன் ஐயா போனில் எனக்கே அதைப் படித்துக் காட்டி உருகினார். "அவர் வியாழக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் எங்களைச் சாமான் அறையில் உட்கார வைப்பார். அவர் பதில் சொல்லித் தரமாட்டார். நிரூபி என்பார்." தமிழில் 'அவர்' என்பவருக்கு மீசையும் கிடையாது, கொண்டையும் கிடையாது. அது புனிதா டீச்சர். சாமான் அறையில் ஒன்பது பிள்ளைகளை வைத்துத் தனி வகுப்பு நடத்துகிறவர் அவர்தான். மற்றப் பிள்ளைகள் மூன்றாம் கணக்கில் இருக்கும்போது முப்பதையும் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள்.

இதில் ஒரு சிக்கல். அந்த அறையை ஜூன் மாதம் விளையாட்டுச் சாமான் வைக்கத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார் தலைமையாசிரியர். அறை போனால் வகுப்பும் போச்சு. விருது வாங்கும் ஆசிரியரின் வகுப்புக்கு நிலையான அறை கேட்டு அறவாரியமே பள்ளிக்கு எழுதுமாம், மூன்று வருசம் துணை நிற்குமாம். என் வகுப்புக்கு அறை கேட்டால் என்ன கொடுப்பார்கள்? கார் பார்க்!

ஆகவே நாகப்பன் ஐயாவை நேரில் பார்த்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். கவலைப்படாதே.

உண்மையின் ஒரே வாரிசு,
மாமா

பி.கு.: கோட்டு அளவு எடுத்தாகிவிட்டது. கறுநீலம்.


சபா
23.3.2025

அன்புள்ள மாமா,

நலம். உங்கள் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

போய்ப் பார்த்தீர்களா? என்ன சொன்னார்? புனிதா டீச்சருக்கு விஷயம் தெரியுமா? இங்கே என் வகுப்பிலும் ஒருத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதனால் கேட்கிறேன்.

ஹேமா


கிள்ளான்
3.4.2025

காட்டுக்குயில் ஹேமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே மழை விட்டதா?

கோட்டைப் பற்றி எழுதாவிட்டால் வரலாறு என்னை மன்னிக்காது. நான் அதைப் போட்டுக்கொண்டு நின்றதும் தையல்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், இனிமே நான் யாருக்குத் தைப்பேன்?" என்று கண்கலங்கினார். தோளிலே ஒரு எடுப்பு. அந்த எடுப்பில் ஹெலிகாப்டர் இறங்கலாம். உள்பக்கம் மூன்று பை. ஒன்றில் பேச்சு, ஒன்றில் கைக்குட்டை, மூன்றாவதில் என்ன வைப்பது என்று நானும் அத்தையும் ஒரு வாரமாக விவாதிக்கிறோம். கழுத்துப் பட்டை கட்டத் தெரியாததால் சுபாங் ஜெயாவில் இருக்கிற உன் பெரியப்பா மகன் ராஜனிடம் போய்க் கட்டிக்கொண்டு, அவிழ்க்காமல் தலைவழியாகக் கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஊரெல்லாம் ஒரே வாழ்த்து. சாப்பாட்டுக் கடையில் "குரு சிக்கு, தே தாரே டீயில சீனி குறைச்சிப் போடவா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் பண்டான் கேக் ஒன்றுகூடச் செய்துகொண்டு வந்து கொடுத்தார். பஞ்சு மாதிரி.

வேறு விசேஷம் இல்லை.

கறுநீல மாமா


சபா
12.4.2025

அன்புள்ள மாமா,

நலம். புத்தாண்டு வாழ்த்து.

கோட்டுக்கு ஒரு பக்கம். சரி. என் கேள்விகள் இரண்டு.

1. நாகப்பன் ஐயாவைப் பார்த்தீர்களா?
2. கேக் கொடுத்தது யார்?

ஹேமா


கிள்ளான்
21.4.2025

சிவப்பு மை மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது முட்டிபோட்டு நின்றுதான் படித்தேன். அந்த எதிர்க்கட்சி முட்டி! அத்தை நலம், உன்னைக் கேட்டாள்.

போனேன். சனிக்கிழமை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய், வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் உள்ள அறவாரியத்தின் படிகளைக் கைலாச யாத்திரைபோல ஏறினேன். நாகப்பன் ஐயா சந்தனப் பொட்டும் கதர்ச் சட்டையுமாக எழுந்து நின்று கும்பிட்டார். எனக்காக யாரும் எழுந்து நின்று நீ பார்த்திருக்கிறாயா? போலீஸ் சம்மன் கொடுக்கும்போதுகூட உட்கார்ந்தபடிதான் கொடுப்பார்கள்.

"ஐயா, ஒரு உண்மை சொல்லணும். நான் ஆசிரியர் இல்லீங்க. வேன் ஓட்டுறவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "ராஜேஸ்வரி, இங்க வாம்மா. பணிவுன்னா என்னன்னு பாரு. தன்னை வெறும் வண்டியோட்டின்னு சொல்றாரு. அறியாமையில இருந்து அறிவுக்குப் போற வண்டி!"

"அது இல்லீங்க. நிஜ வேன். டீசல் ஊத்துற வேன்."

"ஆகா!"

லைசென்சை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "பாடமும் சொல்லிக் குடுத்து, ஏழைப் பிள்ளைங்களை வேன்லயும் ஏத்திட்டு வர்றீங்களா? எழுதிக்கோ, ராஜேஸ்வரி!"

"நான் படிவம் மூனோட நின்னவன் ஐயா!"

"சுயமாக் கற்றவர்! அதையும் எழுதிக்கோ!"

ஹேமா, என் ஆயுசில் நான் சொன்ன பொய்களை அடுக்கினால் இரட்டைக் கோபுரத்தைவிட ஒரு மாடி உயரம் வரும். அத்தனையையும் ஜனங்கள் பாதிக்குப் பாதியாவது நம்பினார்கள். வாயைத் திறந்து உண்மை சொன்ன ஒரே நாள், ஒரு சொல்லையும் நம்பவில்லை. கீழே இறங்கும்போது அழைப்பிதழில் எனக்கு ஒரு பட்டமும் சேர்ந்துவிட்டது: 'கல்வித் தேரோட்டி'.

நான் என்ன செய்வேன், சொல்?

தேரோட்டி மாமா


சபா
1.5.2025

அன்புள்ள மாமா,

நலம். சிரித்துச் சிரித்து அடுத்த அறை டீச்சர் வந்து கதவைத் தட்டினார்.

பிறகு கடிதத்தை இன்னும் இரண்டு முறை படித்தேன். வேன் ஓட்டுகிறேன் என்று சொன்னீர்கள். லைசென்ஸ் காட்டினீர்கள். படிவம் மூன்று என்று சொன்னீர்கள். "கட்டுரையில் இருப்பது புனிதா டீச்சர்" என்று சொன்னதாக அதில் எங்கேயும் இல்லை.

எழுத மறந்துவிட்டீர்களா, மாமா?

கேக்குக்கும் பதில் இல்லை.

ஹேமா


கிள்ளான்
9.5.2025

ஹேமாவுக்கு,

நாங்கள் நலம்.

மறக்கவில்லை. சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

இருபத்தாறு வருசமாக அந்தப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போகிறேன். உள்ளே போனதில்லை. அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'ஆசிரியர்' என்று இருக்கிறது. அத்தைக்குத் தெரியாமல் அதை நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

கேக் கொடுத்தது புனிதா டீச்சர். "ரொம்பச் சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்காங்க, அண்ணே" என்று சொல்லிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

மாமா


கிள்ளான்
20.5.2025

என் கண்ணே ஹேமா,

உடம்பு எப்படி? எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உனக்கு எழுதிய மறுநாளே நாகப்பன் ஐயாவுக்குப் போன் போட்டேன். முழுசாகச் சொன்னேன். புனிதா டீச்சர், சாமான் அறை, வீரம்மா, நாமா குரு, ஒன்று பாக்கியில்லை. அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். "தனக்குக் கிடைச்ச மாலையை இன்னொரு ஆசிரியைக்குத் தூக்கிக் குடுக்குற மனசு... உங்களுக்கு மட்டும்தான் வரும், ஐயா." பள்ளிக்குப் போன் பண்ணிக் கேளுங்கள் என்றேன். "உங்களைச் சந்தேகப்படுறதா? நான் செத்தாலும் செய்ய மாட்டேன்!"

அப்போதுதான் புரிந்தது. சொன்னால் ஆகாது. நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கத் தெரிந்த ஆள் என் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள்.

மாதவியைப் பற்றி உனக்கு முழுசாக எழுதினேனா? கேரி தீவுதான் முதல் ஏற்றம், கடைசி இறக்கம். போக ஒரு மணி, வர ஒரு மணி. நான் பொய் சொல்லுவேன், அவள் கணக்குப் போட்டு உடைப்பாள். அந்த முதலையை, "அது வயிறு நிறைய நாளைக்கு எத்தனை மாடு வேணும், பந்திங்ல எத்தனை மாடு இருக்கு" என்று கணக்குப் போட்டு, ஆறே நாளில் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள். என் முதலை, ஹேமா! இருபது வருசமாக வளர்த்தது!

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் நானூறு பேர். மூன்றாம் வரிசையில் வீரம்மாவும் மாதவியும். கடைசி வரிசையில் புனிதா டீச்சர். எனக்குக் கைதட்டவென்று மற்ற எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! கறுநீலக் கோட்டோடு மேடையேறினேன். உள்பையில் இருந்த பேச்சைத் தொடவில்லை.

"சபையோரே! என் வகுப்பில் ஒரே நேரத்தில் இருநூறு பிள்ளைகள்!"

கைதட்டல். மாதவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பாடம் நடத்துவேன்! நாற்பது வருசத்தில் ஒரு நாளும் தாமதித்ததில்லை! ஒரு நாளைக்கு நிலாவுக்குப் போய்த் திரும்புகிற தூரம்!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீரம்மா அவள் தொடையைக் கிள்ளுவது மேடையிலிருந்தே தெரிந்தது. நிலாவில்தான் தாங்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

"அங்கிள், பொய்!"

மண்டபமே திரும்பியது. நாகப்பன் ஐயா, "யாரும்மா அது, உக்காரு, உக்காரு" என்று கையை ஆட்டினார்.

"விடுங்க ஐயா. எப்படிப் பொய்ங்கிற? நிரூபி!"

நேராக மேடைக்கு வந்து மைக்கை எட்டிப் பிடித்தாள். "வேன்ல பதினாலு சீட்டுதான் அங்கிள். இருநூறு பேருன்னா ஆளுக்கு ஒரு சாண் இடம்கூட வராது. அறுபதுக்கு மேல போனா கதவு ஆடும், நீங்களே கயிறு கட்டியிருக்கீங்க. நீங்க ஓட்ட ஆரம்பிச்சு இருபத்தாறு வருசம்தான், கதவுல தேதி போட்டிருக்கு. நாற்பதுன்னா நம்ம ஸ்கூல் வேன் பர்மிட்டுக்கு முன்னாடியே ஓட்டியிருக்கணும், அது தப்பு. போன செவ்வாய் லேட்டு. நிலா வேணாம் அங்கிள், அது ரொம்ப அசிங்கமா இருக்கு."

நானூறு பேரும் சிரித்த சிரிப்பில் மின்விசிறிகள் எதிர்ப்பக்கம் சுற்றின.

"இப்படி நிரூபிக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"புனிதா டீச்சர்." சொல்லிவிட்டு, இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள். "கட்டுரையில எழுதியிருந்தேனே!"

கடைசி வரிசையில் எட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்று ஒருவரையே காட்டினார்கள்.

நாகப்பன் ஐயாவின் முகம் மங்குஸ்தான் நிறமாகிவிட்டது. "அப்படின்னா நீங்க... நிஜமாவே வேன் ஓட்டுறீங்களா?"

"அதைத்தானே ஐயா ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்!"

எனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து நானே டீச்சரிடம் கொடுத்தேன். அவர் மைக்கில் மூன்று வாக்கியம்தான் பேசினார். "எனக்கு அறைதான் வேணும், வேற ஒன்னும் வேணாம். பிள்ளைங்க கொண்டுவர்ற பொய்யை வச்சுத்தான் நான் பாடம் நடத்துறேன், அந்தப் பொய்யெல்லாம் இந்த அண்ணனோடது. வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் இவரு வெயில்ல வேனோட காத்திருக்கலன்னா, மாதவி என் வகுப்புக்கே வந்திருக்க முடியாது."

நேற்று அறவாரியத்தின் கடிதம் பள்ளிக்குப் போய்விட்டது. தலைமையாசிரியர் உடனே கொடுத்துவிட்டார், நூலகத்துக்குப் பக்கத்து அறை. ஜன்னல் இருக்கிறது. ஆனால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

தொண்டை போன மாமா


சபா
31.5.2025

அன்புள்ள மாமா,

உங்கள் தொண்டைக்கு இஞ்சிச் சாறு குடியுங்கள். அத்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அடுத்த அறை டீச்சருக்கு உங்கள் கடிதத்தை மலாயில் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். 'நாமா குரு'வுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

நானும் திங்கட்கிழமைகளில் நாலு பிள்ளைகளைப் பள்ளி முடிந்தபின் உட்கார வைத்திருக்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கொஞ்சம் அனுப்பிவையுங்கள். ஆறு, படகு, கரடி இருந்தால் நல்லது.

ஹேமா


கிள்ளான்
27.6.2025

பொய்க்கு ஆர்டர் கொடுத்திருக்கும் மருமகளுக்கு,

எல்லாரும் நலம். தனி உறையில் பன்னிரண்டு பொய் வைத்திருக்கிறேன். கரடி மூன்று. பத்திரமாகக் கையாளு, ஒன்று கடிக்கும்.

இன்று விடுமுறை. நேற்று நடந்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். புனிதா டீச்சர் என்னை வகுப்புக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம், 'சிறப்புப் பேச்சாளர்'. வாசலைத் தாண்டி உள்ளே போனேன். காவலர், "அங்கிள், பிள்ளைங்க இன்னும் வெளிய வரல" என்றார். "நான் உள்ள போறேன்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே கோட்டுப் போட்டிருக்கலாம் போல இருந்தது.

ஒன்பது பேரும் நோட்டைத் திறந்து, பென்சிலைச் சீவி, என் வாயைப் பார்த்தார்கள். ஹேமா, எனக்குப் பொய் வரவில்லை! ஆகாயத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். ஒரு கொசுகூடப் பெரிதாக வரவில்லை. கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு வகுத்தல் கணக்கு வராது. அதுலதான் பெயிலாகி நின்னுட்டேன்."

டீச்சர் கரும்பலகையில் அதை அப்படியே எழுதி, "சரி. உண்மையா, பொய்யா?" என்றார்.

ஐந்து நிமிடம் பென்சில் சத்தம். மாதவி கையைத் தூக்கினாள்.

"பொய் டீச்சர். திரும்பி வரும்போது அங்கிள் தினமும் ரோட்டோரத்துல ஏழு பொரிச்ச வாழைப்பழம், பீசாங் கோரேங், வாங்குவாரு. பதினாலு பேரு வந்தா ஆளுக்குப் பாதி. போன புதன் நாலு பேரு வரல. பத்துப் பேருக்குப் பாதி பாதியா குடுத்தா அஞ்சு போயிரும், மிச்சம் ரெண்டு. அதை அன்னிக்குச் சாப்பிடாம வந்த ரெண்டு பேருக்கு முழுசா குடுத்தாரு. வகுத்தல் தெரியாதவருக்கு மீதி எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? மீதியை யாருக்குக் குடுக்கணும்னு எப்படித் தெரியும்?"

"யாராச்சும் மறுக்குறீங்களா?" என்றார் டீச்சர்.

எட்டுப் பேரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் மறுக்கத் தெரியவில்லை.

இப்படிக்கு,
வகுக்கத் தெரிந்தவன் என்று ஒன்பது பேரால் நிரூபிக்கப்பட்ட உன் மாமா,
குருநாதன்